கோட்டான் பாறைக்குப் போகாத வழி

திருத்தணியில் இறங்க வேண்டிய நான் ஆந்திராவில் இறங்கினேன்.

விமானத்தில் வராத தூக்கமெல்லாம் அரக்கோணம் தாண்டியதும் மொத்தமாக வந்துவிட்டது. கண் விழித்தபோது ரயில் ஒரு சின்ன ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தது. பெயர்ப் பலகையைப் பார்த்தேன். வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை. முழுதாகப் படித்து முடிப்பதற்குள் ரயில் கிளம்பிவிடும் என்று தோன்றியதால் பாதிப் பெயரிலேயே பையைத் தூக்கிக்கொண்டு குதித்துவிட்டேன்.

நடைமேடையில் ஓர் அம்மாள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் எனக்காகத் தமிழில் சொன்னார்: "திருத்தணில தூங்கிடறவங்க எல்லாம் இங்கதான் எறங்குவாங்களாம். பயப்படாம குந்தச் சொல்றாங்க." நான் குந்தினேன். ஒரு கை நிறையக் கடலை கிடைத்தது. வெளியூரில் வழி தவறினால் தின்ன ஏதாவது கிடைக்கும் என்பது என் நெடுநாள் அனுபவம்.

போனில் சொன்னதும் என்னை மீட்க ஆட்டோவில் வந்தவர் கஜேந்திரன். முப்பது வயதைத் தாண்டியவர், ஒரு நிமிடம்கூட வாய் ஓயாதவர். "இன்னா மேடம், ஆந்திரா சாப்பாடு வேணும்னா சொல்லியிருந்தா நானே இட்டாந்திருப்பேனே. இதுக்காக ரயில்ல தாண்டி வரணுமா?" என்றார். அதற்குள் என் பை பின் சீட்டுக்குப் போயிருந்தது.

நான் மலேசியாக்காரி. ஈப்போவில் ஒரு பல் மருத்துவர் கிளினிக்கில் வரவேற்பில் உட்கார்ந்திருப்பவள். வார நாட்களில் வீங்கிய கன்னங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் மலைகள். எங்கள் நடைக் குழு ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் குன்றுகள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கிவிட்டது. போன வருடம் குழுவில் சிலர் கோயில் யாத்திரையாகத் திருத்தணிக்கு வந்து, அரக்கோணம் ரோட்டில் ஒரு டிபன் கடையில் இட்லி சாப்பிட்டோம். கடைக்காரி பெயர் சுகுணா. நாங்கள் மலையேறுகிறவர்கள் என்று தெரிந்ததும், "எங்க காட்டுலயும் ஒரு பாறை இருக்குதுங்க. மேல ஏறி நின்னா முருகன் கோயிலு நேரா தெரியும். வந்து பாருங்களேன்" என்றாள். அந்த ஒரு பேச்சு வளர்ந்து வளர்ந்து, பங்குனி உத்திரத்தை ஒட்டி முழுக் குழுவும் வருவதாக ஆகிவிட்டது. முன்கூட்டியே வந்து வழி பார்த்துச் சொல்ல என்னை அனுப்பினார்கள். கஜேந்திரன் சுகுணாவின் தம்பி.

அன்று சாயங்காலம் சுகுணா கடையில் கேழ்வரகுக் களியும் புளிச்சக்கீரைக் கடைசலும் போட்டாள். களியை மெல்லக்கூடாது, விழுங்க வேண்டும் என்று பாடம் எடுத்தாள். கீரையின் காரம் காது வழியாக வெளியே வந்தது. எங்கள் ஊர் மிளகாய்த் துவையலான சம்பல்தான் காரம் என்று நினைத்திருந்தேன். அது வெறும் பாவனை.

அந்தக் களிக்கு நடுவில்தான் விஷயம் தெரிந்தது. காடு என்று அவர்கள் சொல்வது குன்றின் அடிவாரத்தில் கிடக்கும் புன்செய். கல்லும் கள்ளியும் சூரைப் புதருமாக, யாரும் உழாத நிலம். அப்பா, அவர்கள் பாஷையில் நைனா, இரண்டு பிள்ளைகளுக்கும் பொதுவில் விட்டுப்போனது. பிளாட் போடுகிற ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கஜேந்திரனுக்கு விற்க ஆசை, சுகுணாவுக்கு இல்லை. இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும்.

"அதுல இன்னா வெளையுது? முயலு, கவுதாரி, உடும்பு. இதுங்களுக்கு எதுக்கு ரோட்டோர நெலம்?" என்றார் கஜேந்திரன்.

"அதுங்களுக்கு வேற எங்க எடம் இருக்குது?" என்றாள் சுகுணா. "சுத்தி எல்லாம் பிளாட்டு போட்டாச்சு. அந்தாண்ட இருந்தது எல்லாம் நம்ம காட்டுக்குத்தான் வந்து சேர்ந்துகினு இருக்குது."

அக்காவும் தம்பியும் ஓர் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். பங்குனியில் எங்கள் குழு வரும். அதைப் பார்த்து இன்னும் நாலு குழு வரும். நடக்கிறவர்கள் நடந்து, சுகுணாவிடம் சாப்பிட்டு, கஜேந்திரன் ஆட்டோவில் ஏறிப் போவார்கள். காடு காடாக இருந்தே சோறு போட்டால் விற்பதில்லை. போடாவிட்டால் சுகுணா கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். ஆக, நான் ஈப்போவுக்கு என்ன சொல்லப் போகிறேன் என்பதில்தான் எல்லாம் இருந்தது. களியை விழுங்க மறந்து மென்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் முருகனைப் பார்க்கப் போனேன். படியில் ஒரு குரங்கு என் தொப்பியைப் பிடுங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் கீழே எறிந்தது. ஈப்போ குரங்குகள் எடுத்ததைத் திருப்பித் தருவதில்லை. திருத்தணிக் குரங்குகளுக்குப் பக்தர்களிடம் பழகிய நாகரிகம் இருக்கிறது.

மத்தியானத்துக்கு மேல் கஜேந்திரன் என்னைக் காட்டுக்கு அழைத்துப் போனார். ரோட்டிலிருந்து மண் பாதை பிரியும் இடத்தில் ஒரு குவியலாகக் கற்கள் கிடந்தன. முழங்கால் உயரம், தலையில் மஞ்சள் பெயிண்ட்.

"பிளாட்டுக் கல்லு. நான் ஆங்னு சொன்னதும் நட்டுடலாம்னு அட்வான்ஸா எறக்கிட்டாரு" என்றார் பெருமையாக. "இங்க ஒரு நகரு வரும் மேடம். உங்களுக்கு ஒரு கார்னர் பிளாட்டு சொல்லி வெக்கட்டா?"

"நான் நடக்க வந்திருக்கிறேன், வீடு கட்ட வரவில்லை" என்றேன்.

"கட்டினாலும் கஷ்டந்தான். பாறையாண்ட கோட்டான் கத்துது. பொழுது போனா அது கொரலு ரோடு வரைக்கும் கேக்கும். கோட்டான் கத்துற எடத்துல எவன் வூடு கட்டுவான்? அது மொதல்ல கெளம்பணும். அப்பதான் பிளாட்டு போவும்." சொல்லிவிட்டு, சவாரி ஒன்று இருக்கிறது, ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார்.

நான் தனியாக நடந்தேன். அப்படி ஒரு காட்டை நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் காடுகளில் மழையும் பச்சையும் கண்ணை மறைக்கும், பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாது. இங்கே எல்லாம் திறந்து கிடந்தது. சூரைப்பழம் பறித்துத் தின்றேன். ஒரு கவுதாரி குடும்பம் என் முன்னால் ஓடிப்போய், நின்று, நான் இன்னும் வருகிறேனா என்று பார்த்து, மறுபடி ஓடியது. பாறை இடுக்கில் ஓர் உடும்பு வாலை மட்டும் வெளியே விட்டுக்கொண்டு ஒளிந்திருந்தது.

ஓர் இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. வலது பக்கம் ஏரிக்கரை, இடது பக்கம் பாறை. இடது பக்கத்தில் ஒரு பெரிய வேலிக்காத்தான் முள்கிளை குறுக்கே கிடந்தது. அடிக்கட்டை மேல் ஒரு கல். மேலே இருந்து உருண்டு வந்திருக்கும் என்று நினைத்தேன்.

எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு. பாதையில் விழுந்து கிடக்கும் கிளையை முதலில் பார்ப்பவர் அப்புறப்படுத்த வேண்டும். அடுத்தவருக்கு விடக்கூடாது. நான் அந்த விதியை உயிராக மதிப்பவள். கல்லைத் தள்ளினேன், கிளையை இழுத்து ஓரமாகப் போட்டேன். கொஞ்சம் தள்ளி இன்னொன்று, அதையும் இழுத்தேன். கையெல்லாம் கீறல், மனசெல்லாம் திருப்தி. வழியில் கிடந்த இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டேன். வெயில் சாய்ந்துவிட்டதால் மேலே ஏறாமல் திரும்பினேன். சுத்தமான பாதையைப் படம் எடுத்துக் குழுத் தலைவர் லெட்சுமணனுக்கு அனுப்பினேன். "பாறைக்கு வழி தயார்" என்று எழுதினேன். அவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பாறை மேல் சேர்ந்து ஏறலாம் என்ற நினைப்பில், காலை வியாபாரம் முடிந்ததும் நான் சுகுணாவையும் கஜேந்திரனையும் அழைத்துக்கொண்டு போனேன். பாதை பிரியும் இடத்தில் பைக்குகள் நின்றன. மேலே பையன்களின் கூச்சல், பாட்டுச் சத்தம். அதற்கும் மேலே ஏகப்பட்ட காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன.

சுகுணா பாதையைப் பார்த்தாள். ஓரத்தில் கிடந்த முள்ளைப் பார்த்தாள். "முள்ளை யார்ரா எடுத்தது?" என்றாள் தம்பியிடம்.

"நான் ஏன் எடுக்கப் போறேன்? அதைப் போடறதும் நீ, எடுக்கறதும் நீ."

"நான்தான் எடுத்தேன்" என்றேன். "விழுந்து கிடந்தது."

சுகுணா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அக்கா, மேல கல்லு வெச்சிருந்தேனே" என்றாள், அவ்வளவுதான்.

பிறகுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பக்கத்தில் வழியை மூட வேண்டுமானால் முள்ளை வெட்டிக் குறுக்கே போட்டு, அடிக்கட்டையில் கல் வைப்பார்கள். கல் இல்லாத முள் காற்றில் விழுந்த முள். கல் இருந்தால் போகாதே என்று பொருள். ஆடு மேய்க்கிறவர் முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை தெரிந்த சங்கதி. சாத்திய கதவுக்குள் போகாதீர்கள் என்று விருந்தாளியிடம் யார் சொல்லி வைப்பார்கள்? சுகுணா வருடா வருடம் பனி மாதத்தில் அந்த வழியை மூடுவாள். பாறை முகட்டுக்குக் கீழே ஒரு திட்டில் கோட்டான் வெறும் தரையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. உச்சிக்குப் போகும் வழி அதை உரசிக்கொண்டுதான் போகிறது. குஞ்சு பறக்கிற வரைக்கும் வழி கிடையாது. பங்குனிக்குள் பறந்துவிடும் என்று கணக்குப் போட்டுத்தான் எங்களை அழைத்திருந்தாள். இந்த வருடம் அது தாமதமாக முட்டையிட்டிருந்தது. அதை என்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாளாகத் தயங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கஜேந்திரன் கையைத் தட்டிப் பையன்களைக் கூப்பிட்டார். இறங்கி வந்தார்கள். நல்ல பையன்கள்தான். வீடியோ எடுக்க வந்தவர்கள். "எப்பவும் முள்ளு போட்டிருக்கும், நாங்க ஏற மாட்டோம்ணா. இன்னிக்குத் தொறந்திருந்தது, அதான்" என்றான் ஒருவன். எனக்குத் தலை நிமிரவில்லை. இன்னொருவன், "ஒரு பெரிய பறவை எங்க தலை மேலயே பறந்துச்சுணா. அங்க குட்டி ஒண்ணு வெள்ளையா புஸ்ஸு புஸ்ஸுனு சீறுது" என்றான்.

அந்தப் பெரிய பறவை தூரத்துப் பனைமரத்தில் உட்கார்ந்திருந்தது. பகல் வெளிச்சத்தில் அதன் தலையில் கொம்பு மாதிரி நின்ற இரண்டு இறகுக் கொத்துகளும் நன்றாகத் தெரிந்தன. காக்கைகள் அதைச் சுற்றிச் சுற்றிக் கொத்த வந்தன. குஞ்சு வெயிலில் தனியாகக் கிடந்தது.

"மேலே போய் ஒரு துணியாவது கட்டி நிழல் போடலாமா?" என்று கேட்டேன்.

"நாம போனா அது வராது. நாம இல்லாம இருக்கறதுதான் அதுக்கு நெழலு" என்றாள் சுகுணா. அவளுக்கு மத்தியானச் சாப்பாட்டு வியாபாரம் இருந்தது. முள்ளை இழுத்து மறுபடி குறுக்கே போட்டுவிட்டு, தம்பியைப் பார்த்தாள். கடைக்குக் கிளம்பினாள்.

கோட்டான் கிளம்ப வேண்டும் என்று நேற்றுச் சொன்னவர் கஜேந்திரன். அவர் விரும்பியதை நான் இலவசமாகச் செய்து கொடுத்திருந்தேன். பேசாமல் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அவர் ஆட்டோவைப் பாதைக்குக் குறுக்கே நிறுத்திவிட்டுப் பின் சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்தார்.

அன்று முழுக்க நாங்கள் இருவரும் காவல் இருந்தோம். விடுமுறை நாள், கோயிலுக்கு வந்தவர்கள் பாறையைப் பார்த்துவிட்டு வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு குடும்பத்திடம், மேலே தேன்கூடு கலைந்திருக்கிறது என்றார் கஜேந்திரன். ஒரு காதல் ஜோடியிடம், பெண்ணின் அப்பா இப்போதுதான் மேலே ஏறிப்போனார் என்று பொதுவாகச் சொல்லி வைத்தார். அவர்கள் எந்த அப்பா என்றுகூடக் கேட்காமல் ஓடினார்கள். நான் பல்வலிக்காரர்களைச் சமாளித்த குரலில், "இன்றைக்கு முடியாது, இன்னொரு நாள் வாருங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவருடைய பொய்கள் நன்றாக வேலை செய்தன.

நடுவில் அவரே கேட்டார். "மேடம், அது திரும்பி வராட்டி இன்னா ஆவும்?"

"குஞ்சு செத்துப்போகும்" என்றேன்.

அவர் பனைமரத்தைப் பார்த்தார். "கத்தினா எரிச்சலா வரும். நைனா இருந்தப்போ, அது கத்தலேன்னா எழுந்து வாசலுக்குப் போயி நிப்பாரு, இன்னாடா ஆச்சுன்னு" என்றார். பிறகு கனகம்மாசத்திரத்துப் பிரியாணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வயிறு காய்ந்தது. என் பையில் மிச்சமிருந்த வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டைக் கடலையைப் பங்கு போட்டுத் தின்றோம்.

வெயில் இறங்கியது. காக்கைகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. பனைமரத்தில் இருந்த உருவம் அசைந்தது, சத்தமே இல்லாமல் இறக்கையை விரித்துப் பாறையை நோக்கிப் போனது. திட்டுக்குப் பின்னால் மறைந்தது. நாங்கள் ஆட்டோவை விட்டு இறங்கி நின்றோம். சற்று நேரம் கழித்துச் சீறல் சத்தம் கேட்டது, பசித்த குழந்தை கத்துகிற மாதிரி. குஞ்சு உயிரோடு இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆட்டோ ஓட்டுநர் முன்னால் அழுவதற்கு வெட்கப்படவில்லை. அவரும் தலையைத் திருப்பிக்கொண்டு எதையோ துடைத்தார். ஆட்டோக் கண்ணாடியாக இருக்கலாம்.

கடைக்குத் திரும்பி லெட்சுமணனைப் போனில் கூப்பிட்டேன். பங்குனியில் பாறை மேல் ஏற முடியாது, ஏரிக்கரை வழியாக மட்டும் நடக்கலாம் என்றேன்.

"உச்சிக்குப் போவலன்னா அவ்ளோ தூரம் வந்து என்னாத்தப் பார்க்கிறது?" என்றார். நியாயமான கேள்வி. எங்கள் குழுவுக்கு உச்சி என்றால் உயிர். "ஆளுங்க பேர் கொறைஞ்சிடும், சொல்லிட்டேன்."

"குறையட்டும்" என்றேன். சொன்ன பிறகுதான் சுகுணாவைப் பார்த்தேன். அவள் மாவுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். கை நின்றது. ஒப்பந்தம் அவளுக்கும் ஞாபகம் இருந்திருக்கும்.

"வர்றவங்க வரட்டும் அக்கா" என்றாள். கஜேந்திரன் எதிர் பெஞ்சில் தோசை தின்றுகொண்டிருந்தார். வாயே ஓயாதவர் அன்று தோசைக்கு மட்டும்தான் வாயைத் திறந்தார். அவர் அப்படி இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பங்குனியில் குழுவோடு மறுபடி வந்தேன். பாதிப் பேர்தான் வந்தோம். உச்சி இல்லை என்றதும் மற்றவர்களுக்கு வேறு வேலை வந்துவிட்டது. லெட்சுமணன் மட்டும் முனகிக்கொண்டே வந்தார். இந்த முறை ரயிலில் நான் கண்ணைக்கூட மூடவில்லை. மற்றவர்கள் எல்லாரும் தூங்கினார்கள், நான் ஒவ்வொருவராகத் தட்டி எழுப்பித் திருத்தணியில் இறக்கினேன்.

அதிகாலையில் காட்டுக்குப் போனோம். கஜேந்திரன் முன்னால் நடந்தார். ரோட்டோரத்தில் மஞ்சள் கற்களின் குவியல் அப்படியேதான் கிடந்தது. விற்பது முடிவாகிவிட்டதோ என்று நினைத்தேன். பக்கத்தில் சுகுணா ஒரு கூடையில் இட்லிப் பொட்டலங்களைச் சுமந்துகொண்டு வந்தாள். அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஏரிக்கரைப் பக்கம் கவுதாரிகள் எங்களை வரவேற்றன. எல்லாரும் நின்று நின்று பார்த்தார்கள். லெட்சுமணன்கூட முனகலை மறந்து, ஒரு முயல் குதித்ததைக் குழந்தையைப் போலக் கைகாட்டினார். நடந்து சுற்றிப் பாதை பிரியும் இடத்துக்கு வந்தோம். இடது பக்கம் முள்கிளை கிடந்தது. புதிதாக வெட்டியது, இலை இன்னும் வாடவில்லை.

லெட்சுமணன் எங்கள் விதியை எழுதியவர். யோசிக்காமல் குனிந்து கிளையைப் பிடித்தார்.

"யோவ்! கை வெக்காத!" என்று கஜேந்திரன் போட்ட சத்தத்தில் குழுவே நடுங்கிவிட்டது. பிறகுதான் விருந்தாளி என்பது நினைவுக்கு வந்தது போலிருக்கிறது. "இல்லங்க சார், முள்ளு குத்தும். அது கெடக்கட்டுங்க. மேல சின்னது ஒண்ணு இருக்குது, இன்னும் பறக்கல" என்றார்.

நான் சுகுணாவிடம் குனிந்து, "நல்ல பெரிய கிளையாகப் போட்டிருக்கிறாய்" என்றேன்.

"இந்த வாட்டி நான் போடலக்கா" என்றாள்.

அப்போதுதான் அடிக்கட்டையைப் பார்த்தேன். மேலே வைத்திருந்த கல்லின் தலையில் மஞ்சள் பெயிண்ட் இருந்தது. பாதையின் மறு ஓரத்தில் இன்னொரு கிளை, அதன் மேல் இன்னொரு மஞ்சள் கல். நான் கஜேந்திரனைப் பார்த்தேன். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மாதான கெடந்தது மேடம்" என்றார் திரும்பாமலே. "நல்லா வெயிட்டா இருந்துச்சு. அதான் எடுத்தாந்து வெச்சேன்."